பச்சை லைட்டை நம்பலாமா?

எங்கள் வீடு ஹாரோவில். லண்டனில் வளர்ந்த எல்லோருக்கும் பழகிய அதே அமைப்புதான். முன் கதவைத் திறந்தால் ஒடுக்கமான நடை, அதை ஒட்டி மாடிப்படி, படிக்குக் கீழே சப்பாத்து, குடை, ஹூவர் எல்லாம் அடைந்து கிடக்கும் ஒரு மூலை. மேலே மூன்று அறைகள். ஒன்றில் நானும் மனைவியும், இன்னொன்றில் அம்மாவும் எங்கள் ஏழு வயது மகளும். முன்பக்கச் சின்ன அறையில் மதுரையிலிருந்து வந்த ஒரு தம்பி. வாடகைக்குத்தான் வந்தார். ஆறு மாதத்தில் அம்மாவுக்கு இன்னொரு பிள்ளையாகி விட்டார்.

தம்பி இங்கே மாஸ்டர்ஸ் முடித்துவிட்டு, படித்த படிப்புக்கு ஏற்ற வேலை தேடிக்கொண்டிருக்கிறார். அதுவரை மின் சைக்கிளில் சாப்பாடு டெலிவரி. இரவு பதினொரு மணிக்கு நனைந்து வருவார். சைக்கிளைப் பின்பக்கம் விட்டுவிட்டு, பேட்டரியை மட்டும் கழற்றி வந்து படிக்குக் கீழே சார்ஜில் போட்டுவிட்டுப் படுப்பார். காலையில் ஃபுல். எங்களுக்கும் அது பழகிவிட்டது.

போன ஜனவரியில் ஒரு ஞாயிறு இரவு அம்மா கூப்பிட்டார். "தம்பி, இஞ்ச ஒருக்கா வா. படிக்குக் கீழ ஏதோ சுடுற மணம் வருது."

போய்ப் பார்த்தேன். புகை எதுவும் இல்லை. பேட்டரி வெதுவெதுப்பாக இருந்தது. சார்ஜரில் கை வைக்க முடியவில்லை. அவசரமாகப் பிளக்கைப் பிடுங்கினேன். சத்தம் கேட்டு இறங்கி வந்த தம்பி சிரித்தார். "பச்சை லைட் எரிஞ்சுதுல்லண்ணா? ஃபுல் ஆயிடுச்சுன்னு அர்த்தம். ஒண்ணும் ஆகாது."

சார்ஜரைத் திருப்பி லேபிளைப் பார்த்தேன். அவுட்புட் 54.6 வோல்ட். பேட்டரியின் அடியில் 36 வோல்ட் என்று இருந்தது. டிசம்பரில் தம்பியின் சார்ஜர் உடைந்துபோக, கூட ஓடும் நண்பர் ஒருவர் தன்னிடம் சும்மா கிடந்ததைக் கொடுத்திருக்கிறார். முனை சரியாகப் பொருந்தியது, லைட் எரிந்தது, அதனால் யாரும் கேள்வி கேட்கவில்லை. ஆறு வாரம் தினமும் இரவு அது எங்கள் மகளின் கட்டிலுக்கு நேர் கீழே ஓடியிருக்கிறது.

மனைவி என்னைத்தான் பார்த்தாள். "நீங்கள் எஞ்சினியர்தானே? ஆறு கிழமையா அந்த லேபிளை ஒருக்காவும் பார்க்கேல்லையோ?"

பதில் இல்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பக்கத்து ஸ்டேஷனில் நடந்தது

இது எங்கோ நடக்கிற விஷயம் இல்லை. 2025 பிப்ரவரி 27 அன்று எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, ரேனர்ஸ் லேன் ஸ்டேஷனில் ஒரு மின் சைக்கிள் தீப்பிடித்தது. அதன் பிறகுதான் மார்ச் 31 முதல் மடிக்க முடியாத மின் சைக்கிள்களை ரயிலில் ஏற்றக்கூடாது என்று லண்டன் போக்குவரத்துக் கழகம் தடை போட்டது. அதற்கு முன்பே, 2021 நவம்பர் 1 அன்று பார்சன்ஸ் கிரீனில் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலுக்குள் ஒரு மின் ஸ்கூட்டர் எரிந்தது. அந்த டிசம்பரிலேயே மின் ஸ்கூட்டர்களுக்குத் தடை வந்துவிட்டது.

லண்டன் தீயணைப்புப் படையின் கணக்கில் 2023-ல் மட்டும் 143 மின் சைக்கிள் தீ, 36 மின் ஸ்கூட்டர் தீ. கூட்டிப் பார்த்தால் இரண்டு நாளைக்கு ஒன்று. அந்த ஆண்டு மூன்று பேர் இறந்தார்கள், 60 பேர் அளவில் காயப்பட்டார்கள். அந்த மார்ச்சில் ஷாட்வெல்லில், பலர் நெருக்கியடித்துத் தங்கியிருந்த ஒரு ஃபிளாட்டில், மின் சைக்கிள் பேட்டரியிலிருந்து கிளம்பிய தீயில் வங்காளதேசத்திலிருந்து வந்திருந்த ஒருவர் இறந்தார். அதே ஆண்டு ஜூன் 30 அன்று கேம்பிரிட்ஜில் சார்ஜில் இருந்த மின் சைக்கிளிலிருந்து தீ பரவி ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் போனார்கள்.

ஊரிலும் இதே கதைதான். 2022 மார்ச் கடைசியில் வேலூரில், வீட்டில் இரவில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் எரிந்தது. புகையில் மூச்சுத் திணறி ஒரு அப்பாவும் 13 வயது மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு இந்தியாவில் அடுத்தடுத்து நடந்த இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகு மத்திய அரசு ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. ஏ.ஐ.எஸ். 156 என்ற தரநிலையைத் திருத்தி, 2022 டிசம்பர் 1-இலும் 2023 மார்ச் 31-இலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். சார்ஜர் எந்த வோல்ட்டில் தானாக நிற்க வேண்டும், உள்ளே சூடு ஏறினால் எப்படி முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வருகிறது.

வேலூர், ஷாட்வெல், கேம்பிரிட்ஜ் மூன்றிலும் வீட்டுக்குள் இருந்த ஒரு பேட்டரிதான் ஆளைக் கொன்றது. ஆனால் அதே வகை பேட்டரி நம் ஃபோனிலும் லாப்டாப்பிலும் வருஷக்கணக்கில் சாதுவாக இருக்கிறது. வித்தியாசம் எங்கே என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும். எச்சரிக்கை இரண்டு மடங்காகும்.

42-க்கும் 54.6-க்கும் நடுவில்

லித்தியம் அயன் செல் ஒன்று முழுதாக நிரம்பும்போது பொதுவாக 4.2 வோல்ட் இருக்கும். 36 வோல்ட் பேட்டரி என்பது இப்படிப் பத்து செல் அடுக்கு வரிசையாக இருப்பது. அப்போது நிரம்பும் அளவு 42 வோல்ட். 48 வோல்ட் பேட்டரியில் பதின்மூன்று அடுக்கு, அதற்குத்தான் 54.6. தம்பிக்கு நண்பர் கொடுத்தது இந்தப் பெரிய பேட்டரியின் சார்ஜர். அதைப் பத்து அடுக்கில் மாட்டினால், தடுக்க ஆள் இல்லையென்றால் ஒவ்வொரு செல்லையும் 5 வோல்ட்டுக்கு மேல் தள்ளும்.

4.2-ஐத் தாண்டி ஏற்றினால் என்ன? நிரம்பிய குடத்தில் தண்ணீர் ஊற்றினால் வழியும், அவ்வளவுதான். பேட்டரியில் வழிய இடமில்லை. உட்கார இடம் கிடைக்காத லித்தியம் உலோகமாகப் படியும். இன்னொரு பக்கம் செல்லின் நேர்முனைப் பொருள் நிலைகுலைந்து, ஆக்சிஜனை விட ஆரம்பிக்கும். நடுவில் இருக்கும் திரவம் எரியக்கூடியது. சூடு ஏறினால் வேதிவினை வேகமாகும், வினை வேகமானால் இன்னும் சூடு ஏறும். 130 டிகிரி அளவில் இரண்டு முனைகளையும் பிரித்து வைத்திருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் உருகத் தொடங்கும். அதற்குப் பிறகு அந்த செல்லை யாராலும் நிறுத்த முடியாது. பக்கத்து செல், அதற்குப் பக்கத்து செல் என்று தொற்றும். வெளிவரும் புகை நச்சு, அதுவே தீயும் பிடிக்கும்.

ஆறு வாரமும் எங்கள் வீட்டில் இது ஏன் நடக்கவில்லை? பேட்டரிக்குள் ஒரு சின்ன மின்பலகை இருக்கிறது. பி.எம்.எஸ். என்பார்கள். ஒவ்வொரு அடுக்கின் வோல்ட்டையும் அது பார்த்துக்கொண்டே இருக்கும். அளவு தாண்டினால் இணைப்பைத் துண்டித்துவிடும். எங்கள் பேட்டரியில் தினமும் இரவு அதுதான் துண்டித்திருக்கிறது. மின்சாரம் ஓடாததைப் பார்த்த சார்ஜர், ஃபுல் என்று நினைத்துப் பச்சை லைட் போட்டிருக்கிறது.

"வேலை முடிந்தது" என்று நாங்கள் படித்த அந்தப் பச்சை, உண்மையில் "கடைசிக் காவல்காரன் கதவைச் சாத்திவிட்டான்" என்ற செய்தி. சரியான சார்ஜர் 42 வோல்ட்டை நெருங்கும்போது ஓட்டத்தைத் தானே மெல்லக் குறைத்து நிறுத்தும். அதுதான் முதல் காவல். எங்கள் வீட்டில் முதல் காவலே இல்லை. கடைசிக் காவல் முதல் காவலின் வேலையை ஆறு வாரம் பார்த்தது. அந்தப் பலகையில் ஒரு சின்னப் பழுது வந்திருந்தால், கதை வேறு.

மிளகு அளவு வெப்பமானி

அந்தப் பலகையிலிருந்து ஒரு மெல்லிய வயர் போய், நுனியில் மிளகு போன்ற ஒரு மணியோடு செல்லில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் வெப்ப சென்ஸர். பெரும்பாலும் என்.டி.சி. தெர்மிஸ்டர் என்ற வகை. சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்கும். 25 டிகிரியில் 10,000 ஓம் காட்டும் ஒன்று, 50 டிகிரியில் சுமார் 4,000-க்கு வந்துவிடும். பலகை அந்த எண்ணைப் படித்து, செல் எவ்வளவு சூடு என்று கணக்குப் போடும்.

இதன் கதை தொடங்குவதே லண்டனில்தான். 1833-ல் மைக்கேல் ஃபாரடே, சில்வர் சல்ஃபைட் என்ற பொருளைச் சூடாக்கினால் அது மின்சாரத்தை இன்னும் நன்றாகக் கடத்துவதைக் கவனித்தார். உலோகங்கள் செய்வதற்கு நேர் எதிர். அவர் வேலை செய்த ராயல் இன்ஸ்டிடியூஷன், கிரீன் பார்க் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஆல்பமார்ல் தெருவில் இன்றும் இருக்கிறது. உள்ளே அவர் பெயரில் ஒரு அருங்காட்சியகமும் உண்டு. பிள்ளைகளை ஒரு அரை நாள் கூட்டிப்போகலாம்.

சென்ஸரின் வேலையை மகளுக்கு நான் சொன்னது இப்படி: "உனக்குக் காய்ச்சல் இருந்தா ஸ்கூலுக்கு அனுப்புவோமா? பேட்டரிக்குக் காய்ச்சல் இருந்தா சார்ஜ் போடக்கூடாது." சாதாரணமாக லித்தியம் செல்லை 0 டிகிரிக்கும் 45 டிகிரிக்கும் நடுவில்தான் சார்ஜ் செய்யலாம். வெயிலில் காரின் டாஷ்போர்டில் வைத்த ஃபோன், சார்ஜ் ஏற்றாமல் நின்றுகொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அது பழுது இல்லை, சென்ஸர் வேலை செய்கிறது.

குளிரும் கெடுதல்தான். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால், லித்தியம் உள்ளே போய் உட்கார முடியாமல் உலோகமாகப் படியும். அதனால் ஜனவரி இரவில் தோட்டத்து ஷெட்டில் சார்ஜ் போடுவது நாம் நினைக்கிற அளவு பத்திரமான வழி இல்லை.

இதில் பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. பிள்ளைகளின் பொம்மைக்குப் போடும் ஏ.ஏ. ரீசார்ஜபிள் பேட்டரி பெரும்பாலும் நிக்கல் வகை. அது நிரம்பினால் உடனே சூடாகத் தொடங்கும். அதனால் அதற்கான நல்ல சார்ஜர்கள் சூடு சட்டென்று ஏறுவதையே "நிரம்பிவிட்டது" என்பதற்கு ஒரு அடையாளமாக எடுத்துக்கொள்ளும். லித்தியத்தில் அப்படி இல்லை. அதில் நிரம்பியதைச் சொல்வது வோல்ட். சூடு சொல்வது "ஏதோ தப்பு, உடனே நிறுத்து" என்பதை மட்டும். வெப்ப சென்ஸர் கட்டாயம் வேண்டும். ஆனால் சார்ஜர் செய்ய வேண்டிய வேலையை அதன் தலையில் கட்ட முடியாது.

நானே ஒன்று செய்து பார்த்தேன்

இதெல்லாம் தெரிந்தும், சாஃப்ட்வேர்க்காரன் கை சும்மா இருக்குமா? அடுத்த வாரமே ஒரு சின்ன மைக்ரோகண்ட்ரோலர், ஒரு வெப்ப சென்ஸர், ஒரு ஸ்மார்ட் பிளக் எடுத்தேன். பேட்டரியின் மேல் சென்ஸரை ஒட்டி, 40 டிகிரி வந்தால் பிளக்கை அணைத்து, என் ஃபோனுக்கு மெசேஜ் அனுப்புகிற மாதிரி கோட் எழுதினேன். இரண்டு இரவில் முடிந்தது. பெருமையாகத்தான் இருந்தது.

பேட்டரியில் வைக்கும் முன் அம்மாவின் சுடுதண்ணீர்ப் பையில் சோதித்தேன். கம்பளி உறை போட்ட அந்த ரப்பர் பைதான். உள்ளே சுடுதண்ணீர், உறைக்கு வெளியே சென்ஸர். திரையில் எண் ஏறுமென்று காத்திருந்தேன். அது நகரவே யோசித்தது. 40-ஐத் தொடப் பல நிமிடம் பிடித்தது. உள்ளே இருந்த தண்ணீரோ முதல் நொடியிலிருந்தே கை பொசுக்கும் சூடு.

பேட்டரியும் அப்படித்தான். நாற்பது செல், அதைச் சுற்றித் தடித்த பிளாஸ்டிக் பெட்டி. ஒரு மூலையில் ஒரு செல் கொதித்தால், பெட்டிக்கு வெளியே ஒட்டிய சென்ஸருக்கு அது தெரிய வரும்போது காலம் கடந்திருக்கும். உள்ளே ஒட்டிய சென்ஸருக்கே, அது எந்த செல்லில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் சீக்கிரம் தெரியும். இன்னொன்று, ஓட்டம் தொடங்கிவிட்ட செல்லுக்குப் பிளக் தேவையே இல்லை. அதற்கான எரிசக்தி முழுதும் அதற்குள்ளேயே இருக்கிறது. நான் பிளக்கை அணைத்து, ஃபோனுக்கு மெசேஜும் அனுப்பியிருப்பேன். அது பாட்டுக்கு எரிந்திருக்கும்.

நான் செய்தது மோசமான பொருள் இல்லை. ஆனால் அது எனக்குத் தந்திருக்கக்கூடிய தைரியம் மோசமானது. "சென்ஸர் இருக்கே" என்று நான் நித்திரை கொண்டிருப்பேன். கழற்றி டிராயரில் போட்டுவிட்டேன்.

தம்பியோடு பேசிய பேச்சு

கஷ்டமான பகுதி எஞ்சினியரிங் இல்லை. தம்பிக்கு அந்தச் சைக்கிள்தான் சம்பளம். ஒரு நாள் ஓடாவிட்டால் ஒரு நாள் காசு இல்லை. நல்ல பேட்டரி ஒன்று சில நூறு பவுண்ட். ஊருக்கு அனுப்ப வேண்டிய கடன் தவணை வேறு. "நான் வேற ரூம் பாத்துக்கட்டுமாண்ணா?" என்று தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அவர் போய்விட்டால் எங்கள் வீட்டுக்கு ஆபத்து போய்விடும். ஆனால் அந்தப் பேட்டரி இன்னொரு வீட்டின் படிக்குக் கீழே போய் உட்காரும். அங்கே லேபிளைப் பார்க்க யார் இருப்பார்கள்?

அம்மாதான் முடித்து வைத்தார். "பிள்ளையை ஏன் வெருட்டுறாய்? பற்றறியை மாத்து, பிள்ளையை மாத்தாத."

சைக்கிளை ஒரு கடையில் காட்டினோம். ஆறு வாரம் தப்பான சார்ஜரில் அடிபட்ட பேட்டரியை இனி நம்ப வேண்டாம் என்றார்கள். அந்தச் சைக்கிள் கம்பெனியின் சொந்தப் பேட்டரியும் அதற்கே உரிய சார்ஜரும் வாங்கினோம். பாதிக் காசு நான் போட்டேன், வாடகையோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தருவதாகத் தம்பி சொன்னார். பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாமல், கவுன்சிலின் மறுசுழற்சி மையத்தில் கேட்டுவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். நண்பரிடம் சார்ஜரைத் திருப்பிக் கொடுத்தபோது, எந்தப் பேட்டரிக்கு என்று அதன் மேல் பெரிய எழுத்தில் ஒட்டிக் கொடுத்தார் தம்பி.

சார்ஜ் போடும் இடமும் மாறியது. இப்போது பின்பக்க எக்ஸ்டென்ஷனில், தரை ஓடு போட்ட இடத்தில், பக்கத்தில் துணியோ அட்டைப் பெட்டியோ இல்லாமல். அங்கே புது அலாரம் ஒன்றும் மாட்டினோம். இரவில் சார்ஜ் கிடையாது. தம்பி காலையில் எழுந்து போடுவார், அம்மா அங்கேயே உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பார்.

இன்றைக்கு உங்கள் வீட்டில் பார்க்க வேண்டியவை

லண்டன் தீயணைப்புப் படை திரும்பத் திரும்பச் சொல்வதும், நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதும் சேர்ந்து இவ்வளவுதான்.

- சார்ஜரின் அவுட்புட் வோல்ட்டையும் பேட்டரியின் வோல்ட்டையும் லேபிளில் படியுங்கள். 36 என்றால் 42, 48 என்றால் 54.6 வழக்கம். முனை பொருந்துகிறது என்பதற்காக மாட்டாதீர்கள். அதே கம்பெனியின் சார்ஜர்தான் சரி.

- நடை, மாடிப்படி, முன் கதவுப் பக்கம் சார்ஜ் போட வேண்டாம். அது எரிந்தால் மேலே இருப்பவர்களுக்கு இறங்க வழியே இல்லை.

- எல்லோரும் தூங்கும்போதும், வீட்டில் ஆள் இல்லாதபோதும் சார்ஜில் விட வேண்டாம். நிரம்பியதும் பிளக்கைக் கழற்றுங்கள்.

- ஓடி வந்த சூட்டோடு போடாதீர்கள், முதலில் ஆறட்டும். கடும் குளிரில் இருந்து கொண்டுவந்தால் அறைச் சூட்டுக்கு வரட்டும்.

- கீழே விழுந்த, வீங்கிய, விநோத மணம் வரும், வழக்கத்தை விடச் சூடாகும் பேட்டரியைத் திரும்பச் சார்ஜ் போடாதீர்கள்.

- யார் செய்தது என்றே தெரியாத மலிவுப் பேட்டரி, சாதாரணச் சைக்கிளை மின் சைக்கிளாக்கும் கிட் இரண்டிலும் கூடுதல் கவனம் வேண்டும். உள்ளே காவல் பலகையும் சென்ஸரும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

- தீப்பிடித்தால் அணைக்க நிற்காதீர்கள். கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே போய் 999-ஐக் கூப்பிடுங்கள்.

உங்கள் வீட்டில் மின் சைக்கிள் இல்லாமல் இருக்கலாம். ஆனால் மேல் அறையில் ஒரு தம்பியோ தங்கச்சியோ வாடகைக்கு இருக்கலாம். பிள்ளையின் பிறந்தநாளுக்கு யாராவது ஒரு ஸ்கூட்டர் வாங்கித் தந்திருக்கலாம். அவர்களிடம் கோபப்படாமல் "சார்ஜரை ஒருக்கா காட்டுங்கோ" என்று கேளுங்கள். ஒரு நிமிட வேலை. எங்கள் வீட்டில் அந்த ஒரு நிமிடத்துக்கு ஆறு வாரம் ஆனது, அதுவும் அம்மாவின் மூக்கால்.